வியர்த்தது யார்?

(மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் அவர்களுக்குப் பயிற்சி தருவோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெரபி அறையின் கதவு திறந்து உங்கள் பிள்ளை வெளியே வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். வியர்த்திருப்பது யார், பிள்ளையா, பிசியோவா? பெரும்பாலும் பிசியோவின் சட்டைதான் நனைந்திருக்கும். "நல்லா பண்ணாங்க மேடம், முக்கால் மணி நேரம் விடாம கை காலை நீட்டி மடக்கினாங்க" என்று அம்மா திருப்தியோடு சொல்வார். அந்த முக்கால் மணி நேரம் பையன் என்ன செய்தான் என்று கேட்டால், "படுத்திருந்தான், கொஞ்சம் அழுதான்" என்பார்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு தீவிரக் கூட்டுச் சிகிச்சை. நாள் முழுக்கப் பயிற்சி, இரண்டு வாரம், மூன்று வாரம், ஒரே கூரையின் கீழ் பிசியோ, ஓ.டி. என்னும் செயல்வழிச் சிகிச்சையாளர், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லாரும். 'இன்டென்சிவ் பேக்கேஜ்' என்ற விளம்பரம் இப்போது உங்கள் கைபேசிக்கே வருகிறது. எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எவ்வளவு பணம் என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் வேலை செய்தது யார்? இதைக் கேட்காமல் மணியைக் கூட்டினாலும் ஆளைக் கூட்டினாலும் பெரிய பலன் இல்லை. இதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹங்கேரிக்குப் போவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் புடாபெஸ்ட் நகரம் பாதி இடிந்து கிடந்தது. அங்கே ஆந்த்ராஷ் பெத்தோ என்ற மருத்துவர், இனி இவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட குழந்தைகள் சிலரை வைத்து வேலையைத் தொடங்கினார். 1950இல் அது அரசு நிறுவனமாயிற்று. இந்தக் குழந்தைக்கு இருப்பது கற்றல் சிக்கல், ஆகவே அவனுக்கு வேண்டியது சிகிச்சையாளர் அல்ல, ஆசிரியர் என்பது பெத்தோவின் கட்சி. நடக்க ஒருவர், பேச ஒருவர், சாப்பிட ஒருவர் என்று பிள்ளையைப் பங்குபோடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒருவரே சொல்லித்தர வேண்டும் என்று தனியாக ஒரு தொழிலையே உண்டாக்கினார். அவர்களுக்குக் 'கண்டக்டர்' என்று பெயர். நம் ஊரில் விசிலும் டிக்கெட்டும் நினைவுக்கு வரும், அது வேறு.

பெத்தோவின் பயிற்சிக் கூடத்துப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த கட்டில்கள். விரல் நுழைந்து பிடித்துக்கொள்ளத்தான் அந்த இடைவெளி. படுப்பதும் அதில், பிடித்து எழுவதும் அதில், சமயத்தில் அதுவே மேசை. ஏணி போல முதுகு வைத்த நாற்காலிகள்; நடக்கும்போது முன்னால் தள்ளிக்கொண்டு போகலாம். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "நான் கையைத் தூக்குகிறேன்" என்று உரக்கச் சொல்லி, ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவார்கள். எண்ணி முடிப்பதற்குள் கை மேலே போக வேண்டும். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கிறவரை, கழிப்பறைக்குப் போவது, சட்டை மாட்டுவது, சூப் குடிப்பது எல்லாமே பாடம்.

பெத்தோ 1967இல் இறந்தார். அவருடைய மாணவி மாரியா ஹாரி நிறுவனத்தை நடத்தினார். 1986இல் பி.பி.சி. ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. சிகிச்சைக்காகப் புடாபெஸ்ட் போன ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தின் கதை. அவ்வளவுதான், அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டனிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை அடகு வைத்தும், ஊரில் வசூல் செய்தும் புடாபெஸ்டுக்கு விமானம் ஏறின. கம்யூனிஸ்ட் நாட்டுக்கு மேற்கிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமில்லை. பெற்றோரின் அழுத்தத்தால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலேயே மையம் தொடங்கியது. அரசு பணம் கொடுத்தது, கூடவே பலன் என்ன என்று ஆராயவும் சொன்னது. 1993இல் அறிக்கை வந்தது. பர்மிங்ஹாமில் பெத்தோ முறையில் பயின்ற குழந்தைகளும், மான்செஸ்டர் வட்டாரச் சிறப்புப் பள்ளிகளில் வழக்கம்போல் படித்த குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவுதான் முன்னேறியிருந்தார்கள்.

இதைக் கேட்டுப் பெத்தோவை ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளைதான் செய்ய வேண்டும், பயிற்சி அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே நடக்க வேண்டும், திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற மூன்றையும் அவர் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். இன்றைய ஆய்வுகள் அவற்றைத்தான் வேறு மொழியில் உறுதி செய்கின்றன. எனக்கு அவரிடம் உள்ள மனத்தாங்கல் வேறு. கூட்டமாக எல்லாருக்கும் ஒரே பயிற்சி; பத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கை தூக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இந்த மாதம் தேவை கை தூக்குவதுதானா என்று யாரும் கேட்கவில்லை. நடப்பதுதான் மோட்சம், சக்கர நாற்காலி தோல்வி என்ற எண்ணமும் அங்கே இருந்தது. அது இன்னும் நம்மிடமும் இருக்கிறது.

அடுத்தது அமெரிக்காவின் பிலடெல்பியா. கிளென் டோமன் என்ற பிசியோதெரபிஸ்ட் 1955இல் அங்கே ஒரு நிறுவனம் தொடங்கினார். பச்சைக் குழந்தைக்குப் பெரிய எழுத்து அட்டை காட்டிப் படிக்கக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறதே, அதை எழுதிய அதே டோமன். மீன், பல்லி, பாலூட்டி என்று பரிணாமம் வந்த வழியிலேயே குழந்தையின் மூளையையும் படிப்படியாக அசைத்து வர வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே குழந்தையை மேசையில் கவிழ்த்துப் படுக்கவைத்துத் தலைக்கு ஒருவர், ஒவ்வொரு கை காலுக்கும் ஒருவர் என்று ஐந்து பேர் சுற்றி நின்று, ஊர்ந்து போவது போலத் தாளத்தோடு அசைப்பார்கள். ஒரு நாளில் பல தடவை, வாரத்தில் ஏழு நாளும், ஆண்டுக்கணக்கில். அம்மாவும் அப்பாவும் போதாமல் பக்கத்து வீட்டாரும் சர்ச்சுக்காரர்களும் முறை வைத்து வந்தார்கள்.

இதைவிடத் தீவிரம் உண்டா? இதைவிடக் கூட்டு முயற்சி உண்டா? ஆனாலும் பலன் நிரூபணம் ஆகவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1968, 1982, 1999 என்று மூன்று முறை இதை எதிர்த்து அறிக்கை விட்டது. ஐந்து பேர் வியர்த்தார்கள். பிள்ளை படுத்திருந்தது.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அதே அமெரிக்காவில் 1963இல் செய்த ஒரு சோதனையில் விடை இருக்கிறது. ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாகக் கோடு போட்ட ஓர் உருளைக்குள் ராட்டினம் மாதிரி ஓர் அமைப்பில் மாட்டினார்கள். ஒரு குட்டி தன் காலால் நடக்கும். மற்றது சின்னத் தொட்டிலில் உட்கார்ந்திருக்கும். முதல் குட்டி நடக்க நடக்க இதுவும் சுற்றும். இரண்டு குட்டிகளின் கண்ணும் பார்த்தது ஒரே காட்சி, நகர்ந்ததும் ஒரே அளவு. கடைசியில் நடந்த குட்டி தரையை நோக்கி இறக்கினால் முன்னங்காலை நீட்டியது, பள்ளம் கண்டால் விலகியது. சவாரி போன குட்டிக்கு அது தெரியவில்லை. கண் நன்றாகத்தான் இருந்தது. பார்த்ததைத் தன் அசைவோடு சேர்த்துக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இதை வைத்துத் தசையை நீட்டிவிடுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. தசை இறுகாமல் பார்க்க ஸ்ப்ளின்ட், மாவுக்கட்டு, ஊசி எல்லாம் வேண்டியிருக்கலாம். ஆனால் அது ஆயத்தம்தான். ஆயத்தத்தையே சிகிச்சை என்று எண்ணி ஆண்டுகளை ஓட்டுகிறோம்.

இப்போது குரங்குகளிடம் வருகிறேன். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர், கை உணர்வு நரம்பை அறுத்த குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதைக் கண்டார். அந்தக் குரங்குகளின் நிலையைப் பார்த்து 1981இல் விலங்குநல ஆர்வலர்கள் புகார் கொடுத்தார்கள், வழக்கும் நடந்தது. அந்த வருத்தத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். கை அசையும் நிலையில் இருந்தும், முயன்று முயன்று தோற்றதால் குரங்கு அதை மறந்துவிட்டது என்பது அவர் கண்டது. நல்ல கையைக் கட்டிவிட்டால் மறந்த கை வேலைக்கு வந்தது. 2004இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் (இது வேறு பர்மிங்ஹாம்) அவரும் சகாக்களும் இதைக் குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் பாதித்த பதினெட்டுக் குழந்தைகள். அவர்களில் சிகிச்சை பெற்றவர்களுக்கு நல்ல கையில் கட்டு, தினமும் ஆறு மணி நேரம், தொடர்ந்து 21 நாள். விளையாட்டாகவே எல்லாம். பலன் தெளிவாகத் தெரிந்தது.

நியூயார்க்கில் ஆண்ட்ரூ கார்டனும் ஜீன் சார்ல்ஸும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். வாழ்க்கை ஒரு கையால் நடப்பதில்லையே, நல்ல கையைக் கட்டுவானேன்? இரண்டு கையும் இல்லாமல் முடியாத வேலைகளாகக் கொடுப்போம் என்றார்கள். மணி நேரம் சமமாக இருந்தால் இரண்டு முறையும் ஏறத்தாழ சமம் என்று தெரிய வந்தது. கட்டு முக்கியமில்லை, பிள்ளை செய்த வேலையின் அளவுதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் இதையே சர்க்கஸ் முகாமாக நடத்தினார்கள். லண்டனில் தொழில்முறை மந்திரவாதிகளே வந்து பிள்ளைகளுக்குச் சீட்டு வித்தை, கயிறு வித்தை சொல்லிக் கொடுத்தார்கள். பெல்ஜியத்தில் யானிக் பிளெயன்ஹூஃப்ட் குழுவினர் கையோடு காலையும் உடலையும் சேர்த்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம்கூட இரண்டு வாரத்தில் 50 மணி நேரம் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். வித்தை கற்றுக்கொண்ட பையன் பள்ளிக்குத் திரும்பினால் வகுப்பு அவனைச் சுற்றி நிற்கும். பிசியோ கற்றுக்கொண்ட பையனைச் சுற்றி யார் நிற்பார்கள்?

நம் ஊரில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி. ஏழு வயதுப் பெண், வலது கை மடங்கியே இருக்கும். அவளுக்கு ஓ.டி. கொடுத்த வேலை முறுக்குப் பிழிவது. அச்சின் இரண்டு பக்கமும் இரண்டு கையால் பிடித்து அழுத்தினால்தான் மாவு இறங்கும், ஒரு கையால் ஒன்றும் நடக்காது. முதல் நாள் மாவைத் தளரப் பிசைந்திருந்தார்கள். கை வைத்தாலே இறங்கும். மூன்றாம் நாள் கொஞ்சம் கெட்டி. ஐந்தாம் நாள் வீட்டு மாவு. முறுக்கு எட்டாகவும் பூஜ்யமாகவும் விழுந்தது, அவளே சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஓ.டி.யை. தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். அச்சு நழுவியது, பிடிக்கவில்லை. பிள்ளை "அக்கா, நீங்க பண்ணுங்க" என்றது, நகரவில்லை. "இன்னும் கொஞ்சம் மேல பிடிச்சா எப்படி இருக்கும்னு பாரேன்" என்று மட்டும் சொன்னார். மாவின் பதத்தில் இருந்தது அவர் திறமை. பிள்ளை தோற்றுச் சலித்துப்போகாத அளவுக்குக் கடினம், தூங்கிப்போகாத அளவுக்குச் சவால். பூ தொடுப்பது, வேர்க்கடலை உரிப்பது, சப்பாத்தி தேய்ப்பது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுவது எல்லாவற்றையும் இப்படிப் பதம் பார்த்துக் கொடுக்கலாம்.

சரி, எத்தனை மணி நேரம்? கைப் பயிற்சிக்கு ஓரளவு விடை இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வுத் தொகுப்பு, குறிப்பிட்ட ஒரு காரியத்தைக் கற்க 14 முதல் 25 மணி நேரம், கையின் பொதுவான செயல்திறன் கூட 30 முதல் 40 மணி நேரம் தேவை என்கிறது. வாரம் ஒரு முறை நாற்பது நிமிடம் என்ற கணக்கில் இருபது மணி நேரத்தை எட்ட முப்பது வாரம் ஆகும். அதிலும் பிள்ளை தானாகச் செய்த நேரத்தை மட்டும் எண்ணினால் ஒரு வருடம்கூட ஆகலாம். இதனால்தான் 'இவ்வளவு நாள் போயும் ஒன்றும் தெரியவில்லை' என்று தோன்றுகிறது.

உடனே தினமும் ஆறு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். ஐயோனா நோவக் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வீட்டுப் பயிற்சியைப் பற்றியது. அதில் பெற்றோர் செய்தது மாதத்துக்குப் பதினேழு பதினெட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் மணி நேரம். எட்டு வாரத்தில் கூட்டிப் பார்த்தால் பத்து மணி நேரத்துக்குள்தான். அதற்கே பலன் தெரிந்தது. காரணம் என்று நான் நினைப்பது, இலக்கை வீடே தேர்ந்தெடுத்தது. பயிற்சி நடந்ததும் அந்தக் காரியம் தேவைப்படும் இடத்திலேயே. அதே நோவக் குழுதான் 2013இல் மூளை முடக்குவாதச் சிகிச்சைகளை எல்லாம் அலசிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்குப் போட்டது. இலக்கு வைத்த பயிற்சி, இரு கைப் பயிற்சி, வீட்டுப் பயிற்சி எல்லாம் பச்சையில். நாம் பெரிதாக நினைத்த சில பழைய முறைகள் சிவப்பில். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையும் சிவப்பில்.

அந்த ஆக்சிஜன் கதையைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அது இன்றும் நம் நகரங்களில் விற்கப்படுகிறது. 2001இல் கனடாவில் 111 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அழுத்த ஆக்சிஜன், மற்றதற்குச் சற்றே அழுத்தமேற்றிய சாதாரணக் காற்று, ஒவ்வொருவருக்கும் 40 முறை. இரண்டு பிரிவுமே முன்னேறியது, ஒரே அளவு. ஆக்சிஜன் எதையும் கூடுதலாகத் தரவில்லை. பின் ஏன் எல்லாரும் முன்னேறினார்கள்? பிள்ளைகள் வளர்கிறார்கள், அது ஒன்று. அந்த இரண்டு மாதமும் பெற்றோர் நம்பிக்கையோடு பிள்ளையுடன் கூடவே இருந்தார்கள், அது இன்னொன்று. 'நாங்க போனோம், பலன் இருந்துச்சு' என்று ஒருவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பலன் எதனால் வந்தது என்பதுதான் தெரியாது.

இனி, கூட்டு என்பதற்கு வருகிறேன்.

ஒரு தாயின் நோட்டைப் பிரித்துப் பார்த்தால் நம் கூட்டு முயற்சியின் லட்சணம் தெரியும். பிசியோ எழுதியிருக்கிறார்: குதிகால் தசைநாரை நீட்டிவிடவும், காலை மாலை அரை மணி. ஓ.டி.: மணி கோக்கவும், அரை மணி. ஸ்பீச்: விசில் ஊதவும், தேன் தடவி நாக்கை நீட்டச் சொல்லவும். சிறப்பாசிரியர்: சிவப்பு, மஞ்சள், நீலம். கூட்டினால் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்த அம்மா விடியற்காலை குழாயடிக்குப் போய், சமைத்து, மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பிறகு நான்கு பேருடைய வீட்டுப் பாடத்தையும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த முறை நான்கு பேரும் தனித்தனியே கடிந்துகொள்வார்கள். நான்கு பேரும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம், ஒரே கேன்டீனில் டீ குடிக்கலாம். இதைக் குழு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே நான்கு பேர் ஒரே இலக்கைச் சுற்றி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பையன், கிராமத்துப் பள்ளி. நாள் முழுக்க அம்மா பள்ளித் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுக்கு வந்தா நான்தானே தூக்கிட்டுப் போகணும் மேடம்." பிள்ளையின் அறிக்கையில் இந்த வரி எங்கேயும் இல்லை. இடுப்பு மூட்டின் கோணம் இருந்தது, நுண்ணறிவு அளவு இருந்தது. அம்மாவும் பையனும் சேர்ந்து சொன்ன இலக்கு, அம்மா இல்லாமல் பள்ளிக் கழிப்பறைக்குப் போய் வருவது. பிசியோவின் வேலை, பெஞ்சிலிருந்து எழுந்து வாக்கரைப் பிடிப்பதும் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பதும். ஓ.டி.யின் வேலை, பட்டன் வைத்த அரைக்கால் சட்டையை எலாஸ்டிக் வைத்ததாக மாற்றித் தானே இறக்கி ஏற்றப் பழக்குவது. அவனுக்குப் பேச்சு தெளிவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் டீச்சருக்குப் புரிகிற ஒரு சைகையும் ஒரு படஅட்டையும் தந்தார். விசில் ஊதுவதை நிறுத்தினார். சிறப்பாசிரியர் வகுப்பாசிரியரிடம் பேசி, இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே அவனை அனுப்ப ஏற்பாடு செய்தார். கூட்டம் வருமுன் போய்வரலாம். தலைமையாசிரியர் கொத்தனாரைப் பிடித்துப் படியைச் சரிவாக்கி, சுவரில் ஒரு கம்பி பதித்தார். என்னைக் கேட்டால் அந்தக் குழுவில் கொத்தனாரும் ஒருவர். பயிற்சி எத்தனை மணி நேரம் என்று தனியாக யாரும் எண்ணவில்லை. அவன் நாளுக்கு நான்கு முறை எழுந்தான், நின்றான், நடந்தான், கேட்டான். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

எலாஸ்டிக்கும் கம்பியும் குறுக்கு வழி இல்லையா, பிள்ளையைத் திருத்தாமல் சுற்றுப்புறத்தைத் திருத்தலாமா என்று சில சிகிச்சையாளர்களே கேட்கிறார்கள். கனடாவில் மேரி லா குழுவினர் 2011இல் இதையே 128 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவில் பிள்ளையின் திறனை மாற்ற முயன்றார்கள். மற்றதில் பிள்ளையை விட்டுவிட்டுக் காரியத்தையும் இடத்தையும் மட்டும் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் இரண்டு பிரிவும் சமமாக முன்னேறியிருந்தன. டிபன் பாக்ஸ் திறக்கவில்லை என்றால் கையைப் பழக்கலாம், வேறு டிபன் பாக்ஸும் வாங்கலாம்.

பெற்றோர் இந்தக் குழுவில் யார்? நோட்டு எழுதிக்கொள்ளும் உதவியாளர் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. ஒரு பிரிவுப் பெற்றோருக்கு விரிவுரை, மறு பிரிவு கூடி உட்கார்ந்து தங்களுக்குள் பேசி விவாதித்தது. பத்து வாரத்தில் பேசிய பெற்றோரின் மனப்பான்மைதான் மேம்பட்டது. நான் இப்போது செய்துகொண்டிருப்பது விரிவுரை என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் சங்கரராமன் பின்னால் சேர்ந்தார். அங்கே ஆரம்பநிலைப் பயிற்சி முழுக்க மையத்துக்குள் நடப்பதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் பதிவு செய்வதைச் செயலி வழியாக நிபுணர்கள் பார்த்துத் திட்டத்தை மாற்றுகிறார்கள். பஸ்ஸில் பிள்ளையைச் சுமந்து போய்க் காத்திருந்து திரும்பும் நாளையெல்லாம் கூட்டிப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. குழந்தை மருத்துவர், பிசியோ, ஸ்பீச், சிறப்பாசிரியர் என்று பல துறையினர் ஒரே இடத்தில், இலவசமாக. அங்கே போகிறவர்கள், "என் பிள்ளைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கத்தில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். முதலில் முறைப்பார்கள். கேளுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 2002இல் வளர்ச்சிக் கோடுகள் வரைந்தார்கள். பாதிப்பை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். மிக லேசான நிலையில் உள்ள குழந்தை, தான் எட்டக்கூடிய உடலியக்கத் திறனில் தொண்ணூறு சதவீதத்தை ஐந்து வயதுக்குச் சற்று முன்பே எட்டிவிடுகிறது. மிகக் கடுமையான நிலையில் மூன்று வயதுக்கு முன்பே. சிறு வயதில் தொடங்குங்கள் என்று நாங்கள் கரடியாய்க் கத்துவது இதனால்தான். பத்து வயதுப் பிள்ளையைக் காட்டி 'இன்னும் மூன்று பேக்கேஜ், நடந்துவிடுவான்' என்று யாராவது சொன்னால், எந்த நிலை, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டியதும் இதனால்தான். நிலையை எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள். உடலியக்கக் கோடு சமன் ஆனாலும் கற்பதற்கு வேறு ஆயிரம் இருக்கின்றன. மின் சக்கர நாற்காலி ஓட்டுவது, கைபேசியில் படம் தொட்டுப் பேசுவது, கடையில் சில்லறை வாங்குவது எல்லாமே தீவிரப் பயிற்சிக்கு உரியவைதான்.

இடுப்பு எக்ஸ்ரேயை மறக்காதீர்கள் என்பதையும் இடையில் சொல்லிக்கொள்கிறேன். மூளை முடக்குவாதக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது, வலி தெரியும்போது தாமதமாகிவிடும். ஸ்வீடனின் தென்பகுதியில் 1994 முதல் முறை வைத்து எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்ததில், மூட்டு முழுதாகக் கழன்றுபோவது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. எந்த இன்டென்சிவ் முகாமில் சேர்க்குமுன்னும் இதைப் பாருங்கள்.

முகாமில் சேர்ப்பதாக இருந்தால் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே விடவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். என் பிள்ளையின் இலக்கு என்ன என்று பிசியோவிடம் தனியாக, ஓ.டி.யிடம் தனியாக, ஸ்பீச்சிடம் தனியாகக் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் சேர்க்கலாம். பிள்ளையிடமும் கேளுங்கள், பேச வராத பிள்ளைக்கும் விருப்பம் இருக்கிறது, இரண்டு படத்தைக் காட்டினால் கண்ணால் சொல்லும். முகாம் முடிந்த மறுநாள் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகாமில் வந்தது வீட்டில் தொடராவிட்டால் மெல்ல நழுவிவிடும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சீட்டு வந்தது. "பயிற்சிக்குக் கூப்பிட்டாலே என் மகன் அழுகிறான். அழுதாலும் விடாமல் செய்ய வேண்டுமா?" என்று ஒரு அப்பா எழுதியிருக்கிறார். வேண்டாம். அழுகிற பிள்ளை கற்பது பயத்தைத்தான். வேலை அவனுக்கு மிகக் கடினமாக இருக்கலாம், அல்லது அது அவனுடைய வேலையாகவே இல்லாமல் இருக்கலாம். எங்கேயாவது வலிக்கவும் செய்யலாம்; அதை முதலில் பாருங்கள். பிறகு, உங்களைப் பார்த்து அவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். டி.வி. ரிமோட்டா, உங்கள் பைக் சாவியா, தங்கையின் தட்டில் உள்ள அப்பளமா? அதைக் கொண்டுவந்து உங்கள் ஓ.டி.யிடம் கொடுங்கள். அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.